முதல் மடக்கு யாருக்கு

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, முதலில் அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதை விடுங்கள். உங்களைப் பார்த்தால் பரிமாற வந்தவர்கள் மாதிரி இல்லை, பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்க்க வந்தவர்கள் மாதிரி இருக்கிறது. சாப்பிட வந்தவர் பயந்துபோய் தண்ணீர் மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

பத்து நிமிஷம் பேசுங்கள் என்று உங்கள் மேலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். பாவம், என்னோடு வேலை பார்த்திராத மனிதர். புதுச்சேரியில் இதே ஓட்டலில், இதே சாப்பாட்டு அறையில், ஒயின் ஊற்றுவதையே தொழிலாக வைத்து ஓய்வு பெற்றவள் நான். சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் போகும் போக்கு இருக்கிறதே, அதைப் பார்க்கவே நான் அடிக்கடி சொல்வேன்.

டிரை ஒயிட் ஒயின் என்றால் இனிப்பில்லாத வெள்ளை ஒயின். திராட்சையில் இருந்த சர்க்கரை ஏறக்குறைய எல்லாம் புளித்து சாராயச் சத்தாக மாறிய பிறகு கிடைப்பது. அதில் நிற்பது புளிப்பும் வாசமும்தான். முதல்முறை குடிப்பவர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும். அப்போது ஓடிப்போய் இனிப்பு ஒயினைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

உளுந்தூர்பேட்டையில் லாரிகள் வைத்திருக்கும் ஒருவர் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார். கடைசிப் பக்கம் வரைக்கும் பட்டியலைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"யம்மா, இதுல எது கிக்கு ஜாஸ்தி?"

"கிக்கு வேணும்னா எங்க மாடிப்படிய நாலு தடவ ஏறி எறங்குங்க, அதுவே போதும். இது சாப்பாட்டுக்கு. இன்னா சாப்பிடப் போறீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல."

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். லாரிக்காரர் நெத்திலி வறுவல் சொன்னார். வறுவல் வந்ததும் எலுமிச்சைத் துண்டை எடுத்துப் பிழியப்போனார். நான் அதை நகர்த்தி வைத்துவிட்டு, சொவின்யோன் பிளாங் என்ற வெள்ளை ஒயினை ஒரு கிளாஸ் ஊற்றி, "அதுக்குப் பதிலா இத ஒரு மடக்கு" என்றேன். குடித்தார். ஒரு நெத்திலி தின்றார். மறுபடி குடித்தார். "அடங்கொய்யால! எலுமிச்சம்பழத்தயே பாட்டில்ல புடிச்சு வெச்சிருக்கானுங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்களும் அதையே கேட்டார்கள். நான் இத்தனை வருஷமாக வெள்ளை ஒயினைப் பற்றிக் கேட்ட விளக்கங்களில் அதற்கு மேல் ஒன்று இல்லை. வறுத்த மீனுக்கு எலுமிச்சை என்ன செய்யுமோ அதைத்தான் அது செய்யும். கொஞ்சம் வழவழப்பான குருமா, வெண்ணெய் போட்டது என்றால் ஷார்டொனே. எது எடுப்பது என்று தெரியவே இல்லையா, நாசிக் பக்கத்து செனின் பிளாங்கை எடுங்கள், யாரோடும் சண்டை போடாது.

பல் கூசுகிற அளவுக்குக் குளிரவைக்காதீர்கள், வாசம் செத்துப்போகும். ஐஸ் கட்டி போடுகிறவரைத் தடுக்காதீர்கள், அது அவர் காசு. கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். நம் பக்கத்தில் அரை டம்ளர் காப்பி கொடுத்தால் 'எழுந்து போ' என்று அர்த்தம், எனக்கும் தெரியும். சின்னசேலத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு தம்பி அந்த மரியாதையில் விளிம்பு வரைக்கும் ஊற்றி, பால்குடம் எடுத்தவன் மாதிரி அடிமேல் அடி வைத்து மேசைக்குப் போனான். அங்கே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் கிளாஸைத் தூக்க முடியாமல் குனிந்து உறிஞ்சினார்.

இதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே வந்துவிடும். வராத ஒன்றைச் சொல்கிறேன். அதற்கு நான் உங்களை வெள்ளிமலைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

என் ஓய்வுக்கு முந்தைய வருஷம். எழில் என்று ஒரு பெண், எங்கள் கள்ளக்குறிச்சிக்காரி, பிரான்சில் வேலை பார்ப்பவள். லீவில் வரும்போதெல்லாம் நம் ஓட்டலுக்கு வந்து, என்னோடு ஊர்க்கதை பேசிவிட்டுப் போவாள். அந்த முறை வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, லூக்க கட்டிக்கறதுக்கு எங்கப்பா இன்னும் சரின்னு சொல்லல. அவங்கப்பாவே நேர்ல வராரு, பேசறதுக்கு. அவருக்கு சொந்தமா திராட்சத் தோட்டம் இருக்குது, ஒயின் செய்யறவரு. தன் கையால செஞ்சத நாலு பாட்டில் கொண்டாராரு. நீங்க வந்து பரிமாறணும்க்கா. சரியா ஊத்தலன்னா அவரு மனசு ஒடிஞ்சுடும்."

"உங்கப்பா ஒத்துக்கினாரா?"

"வெள்ளிமலை பண்ணை வூட்லதான் சாப்பாடு. கள்ளக்குறிச்சி வூட்லன்னா சொந்தக்காரங்கல்லாம் எட்டிப் பாப்பாங்கன்னு அவரேதான் சொன்னாரு."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்த அப்பாவை எனக்குத் தெரியும். ராமலிங்கம் அண்ணன், கரும்பு விவசாயி. அவர் வயலில் கரும்பு வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் கருணாபுரத்து ஆட்கள். கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து எத்தனை வீடு இருண்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் அவர் ஆட்களும் போனார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டு வந்தவர், அன்றிலிருந்து தன் வீட்டு வாசலுக்குள் சாராய வாசனை வந்தால் பந்தியிலிருந்தே எழுந்து போய்விடுவார்.

மலை ஏறும்போது வண்டியில் பாட்டில்களை ஈரச் சாக்கில் சுற்றி என் காலிடுக்கில் வைத்துக்கொண்டேன். பின் சீட்டில் லூக், பக்கத்தில் அவன் அப்பா பியேர். நல்ல உயரம், வெயிலில் வெந்த மூக்கு, ஒவ்வொரு வளைவிலும் தன் பாட்டில்களை எட்டிப் பார்த்து என்னிடம் ஏதாவது கேட்பார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாம் சாப்பாட்டு மேசைப் பிரெஞ்சு. 'நன்றாக இருக்கிறது', 'இதோ வருகிறது' என்ற இரண்டை வைத்தே வெள்ளிமலை வரைக்கும் சமாளித்தேன்.

வீட்டில் இறங்கி, பாட்டில்களை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் திரும்பினால், எங்களுக்கு முன்பே வந்திருந்த எழில் என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, அப்பா அம்மாகிட்ட அது திராட்ச ஜூஸுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"அடிப்பாவி!"

"மெதுவாக்கா! சாப்பாடு முடிஞ்சு தட்டு மாத்திக்கட்டும். அப்பறம் நானே சொல்லிடறேன்."

"அதுக்குள்ள உங்கப்பா குடிச்சிட்டா?"

"ஒரு மடக்குதானேக்கா."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளைத் தொட்டியிலேயே தள்ளியிருப்பேன். "எந்த ஊர்ல நின்னுக்கினு பேசறன்னு தெரியுதா உனக்கு? நான் இந்த கிளாஸயெல்லாம் கழுவித் தொடைக்கிற வரைக்கும் உனக்கு டைம். அதுக்குள்ள உங்கப்பாகிட்ட நீ சொல்ற. இல்லன்னா நான் சொல்லுவேன்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

புதுச்சேரியிலிருந்து காகிதம் சுற்றிக் கொண்டுபோயிருந்த கிளாஸ்களைக் கொல்லைக் குழாயில் கழுவினேன். நான் கிளாஸ் துடைக்க உட்கார்ந்தால் ஊர் உலகம் மறந்துவிடும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். ஒரு திட்டு இருக்கக்கூடாது எனக்கு. துடைத்து எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் நுழைந்தால், ஏலக்காய் வாசம். சுக்கு வாசம். எழிலின் அம்மா வசந்தா அக்கா ஒரு பெரிய குண்டானில் கரண்டியை விட்டுக் கலக்கிக்கொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூன்று காலிப் பாட்டில்கள்.

"வா சுகுணா வா! கதவச் சாத்து. வெளிய சொல்லாத, சம்மந்தி கொண்டாந்த ஜூஸு கெட்டுப்போச்சு."

"அக்கா…"

"சோடா மூடி மாதிரி திருகித் தொறந்து உள்ளங்கைல ஒரு சொட்டு வுட்டுப் பாத்தேன். ஐயையோ, ஒரே புளிப்பு! பொங்கிப்போயிருக்கு. வெயில்ல அவ்ளோ தூரம் தூக்கிக்கினு வந்தா பின்ன இன்னா ஆவும்? கீழ ஊத்தினா மனுஷன் மனசு நோவாதா? சொந்தத் தோட்டத்துப் பழமாம். அதான் வெல்லத்தப் போட்டுப் பானகமா மாத்திட்டேன். யாருக்கும் தெரியாது!"

உப்பு, காரம் பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் விட்டு நக்கினார். "இன்னும் ஒரு அச்சு வெல்லம் போட்டா சரியாயிடும். ஆனா வெல்லம் தீந்துபோச்சு. அதான் அந்த நாலாவது பாட்டில அப்படியே வுட்டுட்டேன்."

"எத்தினி தடவக்கா இந்த மாதிரி நக்கிப் பாத்தீங்க?"

"ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு தடவ!" என்று சொல்லி, அது ஏதோ பெரிய நகைச்சுவை மாதிரி அடுப்பு மேடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. வாழ்க்கையில் இருமல் மருந்தைத் தவிர வேறு எதையும் தொடாத அம்மா.

தம்பிகளே, சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். நானும் அங்கே உள்ளுக்குள் சிரித்தேன். ஒருத்தருடைய பிள்ளை மாதிரியான ஒயினில் சுக்குத் தட்டிப் போட்டிருக்கிறார்கள்! ஆனால் என்ன பாசத்தில் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். உங்கள் மேசையில் யாராவது நல்ல ஒயினில் கோலா கலந்தாலும் இதை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

எழில் உள்ளே வந்தாள். குண்டானைப் பார்த்தாள், பாட்டில்களைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பாவிடம் சொல்லவில்லை என்று அந்த உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"அக்கா, இதயே பானகம்னு ஊத்திடலாம். பாட்டிலெல்லாம் கைதவறி ஒடஞ்சிடுச்சுன்னு சொல்லிடலாம்."

"அப்ப உங்கப்பா பானகம்னு நெனச்சுக்கினு டம்ளர் டம்ளரா குடிப்பாரு. போடி அந்தாண்ட."

வசந்தா அக்காவை ஒரு பலகையில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். "நான் குடிச்சிட்டனா? அடி என்னப் பெத்த மாரியாத்தா!" என்று கரண்டியோடு மகளை அடிக்க எழுந்தவர், இரண்டு எட்டு வைத்துவிட்டு, "இரு, தர ஆடுது" என்று மறுபடி உட்கார்ந்துகொண்டார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவருக்கு.

வெளியே ராமலிங்கம் அண்ணன் குரல் கேட்டது. "இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க உள்ள? எல போட்டு எவ்ளோ நேரம் ஆச்சு!"

இப்போது என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கூடத்தில் இலை போட்டாயிற்று. கோமுகி அணை மீன் வறுத்துச் சுடச்சுட இருக்கிறது. அந்தப் பக்கம் தாம்பூலத் தட்டு தயார். பேசாமல் அந்தப் பானகத்தை ஊற்றினால் கல்யாணம் நிச்சயம். வாயைத் திறந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என் நாக்கில் போகும். ஆனாலும் கிளாஸில் இருப்பது என்ன என்று தெரியாமல் ஒருத்தர் வாயில் வைக்க நான் விடக்கூடாது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், வேறு எதற்கும் இல்லை.

நாலாவது பாட்டிலையும் ஒரு கிளாஸையும் எடுத்துக்கொண்டு நேரே ராமலிங்கம் அண்ணன் எதிரில் போய் நின்றேன்.

"அண்ணே, உங்க பொண்ணு பயத்துல இத ஜூஸுன்னு சொல்லிட்டா. இது ஜூஸு இல்ல. ஒயினு. இதுல சாராயச் சத்து இருக்குது. வேணாம்னா தொட வேணாம். ஆனா தெரியாம உங்க வாய்க்குள்ள போவக் கூடாது."

அவர் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். எழிலைத் திரும்பிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"இன்னா குடிக்கறோம்னு தெரியாமத்தானே எம் ஆளுங்க போய்ச் சேந்தானுங்க. நீயுமா கண்ணு எனக்கு அந்த மாதிரி ஊத்திக் குடுக்கப் பாத்த?"

எழில் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். லூக் அவள் பக்கத்தில் போய் நிற்பதா, இங்கேயே நிற்பதா என்று தெரியாமல் நடுவில் நின்றான். பியேர் என்னிடம் என்ன ஆயிற்று என்று கேட்டார். என் மேசைப் பிரெஞ்சையும் கைஜாடையையும் வைத்துக்கொண்டு கருணாபுரத்தை அவருக்குச் சொன்னேன். இலக்கணம் எல்லாம் காற்றில் பறந்திருக்கும். ஆனால் அவருக்குப் புரிந்தது. அவர் முகமே மாறிவிட்டது.

எழுந்து வந்து, என் கையிலிருந்த கிளாஸைக் காட்டி, ஊற்று என்றார். நான் இரண்டு விரல் உயரம் ஊற்றினேன். ராமலிங்கம் அண்ணனுக்கு நேராக நின்று, கண்ணைப் பார்த்துக்கொண்டே அதைக் குடித்தார்.

ராமலிங்கம் அண்ணன் என்னைப் பார்த்தார். "இன்னாத்துக்கு அவரே மொதல்ல குடிக்கறாரு? நம்மூர்ல எதிர்ல இருக்கறவங்களுக்குக் குடுத்துட்டுத்தானே நாம குடிப்போம்?"

"எங்க தொழில்ல இதுதான் மொறண்ணே. பாட்டிலக் கொண்டாந்தவரு மொதல்ல ஒரு மடக்கு குடிக்கணும். கெட்டுப்போயிருந்தா அது அவரு வாய்க்குத்தான் மொதல்ல தெரியணும். அவரு சரின்னு தலையாட்டின பெறவுதான் மத்தவங்க கிளாஸ்ல நான் ஊத்துவேன்."

"எல்லா ஊர்லயுமா?"

"ஒயின் ஊத்தற எல்லா ஊர்லயும்."

ராமலிங்கம் அண்ணன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு எங்க ஆளுங்களுக்கு ஊத்தினவன் மொதல்ல ஒரு மடக்கு குடிச்சிருந்தானா…" என்றார். பியேருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் அண்ணன் தோளில் கை வைத்தார், அண்ணன் தட்டிவிடவில்லை.

நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை, கையில் பாட்டிலை வைத்துக்கொண்டு அழுதேன்.

"நான் தொட மாட்டேன்" என்று பியேரைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார் ராமலிங்கம் அண்ணன். "நீங்க செஞ்சது, நீங்க குடிங்க. உக்காருங்க, மீனு ஆறுது."

எல்லாரும் மூச்சு விட்ட அந்த நேரம் பார்த்து வசந்தா அக்கா குண்டானைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். நடை கொஞ்சம் கோணல்.

"எல்லாரும் உண்மய சொல்றீங்க, நானும் சொல்லிடறேன். மூணு பாட்டில் இதுக்குள்ள இருக்கு. வெல்லம் போட்டேன். நான் குடிச்சும் பாத்துட்டேன்!"

ராமலிங்கம் அண்ணன் மனைவியை மேலும் கீழும் பார்த்தார். "நீயா?"

"உள்ளங்கைலதான்!"

"எவ்ளோ?"

"அத ஏன் கேக்கற, வெல்லம் கம்மியா இருந்துச்சு!"

முதலில் சிரித்தது ராமலிங்கம் அண்ணன்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பியேர் தன் மூன்று பாட்டில்களின் கதி என்ன என்று தெரிந்துகொண்டு, தைரியமாக ஒரு டம்ளர் பானகம் வாங்கிக் குடித்தார். இருமினார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொன்னார். எழில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மொழிபெயர்த்தாள்: "இத நான் செய்யலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுங்கன்னு சொல்றாரு." அவருடைய நாட்டிலும் குளிர்காலத்தில் ஒயினில் பட்டையும் தேனும் போட்டுக் காய்ச்சுவார்கள் என்று நான் வசந்தா அக்காவுக்குச் சொன்னேன். "பாத்தியா, எனக்குத் தெரியும்!" என்றார்.

பிறகு பியேருக்கும் லூக்குக்கும் அந்த நாலாவது பாட்டிலை ஊற்றினேன். ஃபிரிட்ஜில் வைத்த குளிர்ச்சி போதுமாக இருந்தது. மிளகுத்தூள் போட்ட அணை மீனோடு அது சேர்ந்த சேர்த்தி இருக்கிறதே, அடடா! எலுமிச்சையை யாரும் தேடவே இல்லை. பியேர் முள்ளைக்கூட உறிஞ்சினார். தட்டு மாற்றும்போது வசந்தா அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியதில் வெற்றிலை எல்லாம் தரையில். அதைப் பொறுக்கி வைத்துத்தான் நிச்சயம் முடிந்தது.

கல்யாணம் கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நானும் போனேன். அங்கே ஒயின் கிடையாது, பாயசமும் மோரும் ரசமும்தான். ஆனால் ராமலிங்கம் அண்ணன் பந்தி தொடங்கும் முன்னால் தலைமைச் சமையல்காரரைக் கூடத்தின் நடுவுக்குக் கூப்பிட்டார். ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் ஒரு டம்ளர் மொண்டு அவர் கையில் கொடுத்தார். நாதஸ்வரம் ஒரு பக்கம் முழங்க, சமையல்காரர் வியர்த்து வழிந்தபடி முதலில் பாயசம், அப்புறம் ரசம், அப்புறம் மோர் என்று எல்லார் முன்னாலும் குடித்தார். சொந்தக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். ஒருத்தர் மூன்றாவது டம்ளருக்கு விசில் அடித்தார். நானும் சிரித்தேன்.

முதல் வரிசையில் கருணாபுரத்திலிருந்து வந்திருந்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், கரும்பு வெட்டுகிறவர்கள். அவர்கள் சிரிக்கவில்லை. சமையல்காரர் கடைசி மடக்கை விழுங்கி, வாயைத் துடைத்துக்கொள்ளும் வரைக்கும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் தங்கள் டம்ளரை நீட்டினார்கள்.